கேரம் போர்டுக்குப் புது வாழ்வு!

சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ரெயில், மீஞ்சூரைத் தாண்டியதும் ஒரு சிறு நிலையத்தில் நிற்கும். அதுதான் அனுப்பம்பட்டு. அடுத்தது பொன்னேரி. அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. உப்பங்கழி ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரியது இதுதான்.

வலை உலரும் பகல் வேளையில், ஏரியை அடுத்த ஊர்களில் இளைஞர்களுக்குப் பொழுதுபோக்கு கேரம். பல இடங்களில் ஊருக்கே ஒரு போர்டுதான்.

சில வருஷம் ஆடியதும் அந்தப் போர்டு மந்தமாகிவிடுகிறது. காய் பாதி வழியில் நின்றுவிடுகிறது. "பவுடர் போடு!" என்கிறார்கள். போட்டாலும் பலன் இல்லை. ஏன் தெரியுமா? தேய்ந்து போனது, பலகை மேல் கண்ணாடி போல் இருந்த லேக்கர் பூச்சு. பவுடர் அதற்கு ஈடாகாது.

15 கிராம் ஸ்டிரைக்கரை முழு வேகத்தில் அடித்தால், அது போர்டில் 3½ தடவையாவது போய் வரவேண்டும். சர்வதேச விதி அப்படி. மந்தமான போர்டில் பழகிய விரல், போட்டிப் போர்டில் ஏமாந்து போகும். ஏழைப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் அல்ல. இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-ல் அமெரிக்காவில் 3 தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ டிரைவரின் மகள்.

புது போர்டு வாங்கக் காசு இல்லையா? பழையதற்கே வீட்டில் பூச்சு கொடுக்கலாம். ஆனால் பொறுமை வேண்டும்.

முதலில் பலகையைப் பாருங்கள். நேரான சட்டத்தைக் குறுக்கே வைத்தால், நடுவில் வெளிச்சம் தெரிகிறதா? பலகை குழிந்துவிட்டது. அதற்குப் பூச்சு மருந்து அல்ல.

நேராக இருந்தால், பையில் உள்ள வலைகளைக் கழற்றுங்கள். சட்டத்தின் மேல் காகிதம் ஒட்டுங்கள். பழைய பவுடரும் தலை எண்ணெயும் கை வியர்வையும் சேர்ந்து அழுக்காகப் படிந்திருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவினால் ஒட்டுப்பலகை உப்பிவிடும். டர்பன்டைன் தொட்ட துணியால் துடைப்பதே சரி.

பிறகு 400-ம் நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் தூள் வரும் வரை கவலை இல்லை. தூளில் கறுப்போ சிவப்போ தெரிந்தால், அப்படியே நிறுத்துங்கள்! கோட்டின் மேல் உப்புத்தாள் ஏறிவிட்டது என்று பொருள்.

மீன் கண்!

இங்கே ஒரு வேடிக்கை. பலகையில் எண்ணெய்ப் பசை இருந்தால், லேக்கர் அந்த இடத்தில் பரவாமல் வட்டம் வட்டமாக விலகிக் குழி விழும். அந்தக் குறைக்கு ஆங்கிலத்தில் பெயரே 'மீன் கண்'தான்! மீன் வறுத்த கையோடு போர்டைத் தொட்டால் மீன் கண் வந்தே தீரும்.

இன்னொரு எதிரி ஈரக் காற்று. லேக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேல்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் பனித்துளி போல் படியும். பூச்சு பால் போல் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். மாசி, பங்குனியில், காலைப் பனி நன்றாக விலகிய பிறகு, கடற்காற்று வீசத் தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும். தவறி வெளுத்துவிட்டால் பயம் வேண்டாம். உலர்ந்த நாளில் தின்னரை மட்டும் மெல்லத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அடிக்கும்போது முதல் தடவை வெறும் தூறல்தான். ஆசைப்பட்டுக் கெட்டியாக அடித்தால், தின்னர் கீழே இறங்கிக் கோடுகளைக் கரைத்துவிடும். காய்ந்த பிறகு அடுத்தது. இப்படி நான்கைந்து மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றும் கீழே உள்ளதைக் கொஞ்சம் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். கடைசியில் 1000-ம் நம்பர் தாளால் இழைத்துவிடலாம்.

மேல்நாட்டில் பின்பால் என்ற விளையாட்டு எந்திரம் உண்டு. அதன் பலகையையும் சிலர் இப்படித்தான் வீட்டில் புதுப்பிக்கிறார்கள். ஆனால் பலர் கார்களுக்கு அடிக்கும் இரு கலவைப் பூச்சை எடுக்கிறார்கள். அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. நுரையீரலுக்குக் கேடு, ஆஸ்துமாவே வரக்கூடும். முகத்தில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. அந்தப் பக்கமே போகவேண்டாம்.

லேக்கரும் சாதுவல்ல. தின்னர் ஆவியில் ஒரு பீடி நெருப்பு பட்டாலும் ஆபத்து. திறந்த இடத்தில், அடுப்புக்குத் தூரத்தில் வைத்து அடியுங்கள்.

தொட்டுப் பார்த்தால் சீக்கிரமே காய்ந்தது போல் தெரியும். ஏமாறாதீர்கள்! உள்ளே இறுகவில்லை. ஒரு வாரமாவது போர்டைத் தட்டையாகப் படுக்க வைத்து விடுங்கள். சுவரில் சாய்த்தால் வளைந்துவிடும். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள், விரட்டத்தான் வேண்டும்.

எட்டாம் நாள், ஒரு சிட்டிகை போரிக் பவுடரைத் தூவி, ஸ்டிரைக்கரை ஓங்கி அடித்து எண்ணுங்கள். ஒன்று... இரண்டு... மூன்று... அரை!