மீன் மிதக்கவில்லை, சரி, குஞ்சு எங்கே?

குளத்தில் மீன் செத்து மிதந்தால் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று ஊரே கூடிவிடும். மிதக்காவிட்டால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்படி எட்டிப் பார்த்தவர்களுக்குக் கனடாவில் ஓர் ஏரி பாடம் சொன்னது.

ஒண்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் ஆய்வுக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அவற்றில் 260ஆம் எண் ஏரியில், 2001 முதல் 2003 வரை, கேரன் கிட் தலைமையிலான குழு ஒரு செயற்கைப் பெண் ஹார்மோனைக் கலந்தது. கருத்தடை மாத்திரையில் உள்ள அதே பொருள்தான். சிறுநீரோடு வெளியேறிச் சாக்கடை வழியே ஆறுகளுக்குப் போய்ச் சேர்வது. ஏரியில் அதன் அளவு லிட்டருக்கு 5, 6 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்.

மீன்கள் கொத்துக் கொத்தாகச் சாகவில்லை. ஆனால் ஆண் மீன்களின் உடலில், பெண் மீன் முட்டைக்காகச் சுரக்கும் மஞ்சள்கருப் புரதம் ஊறத் தொடங்கியது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனுக்கு ஆயுளே சில ஆண்டுகள்தான். புதுக் குஞ்சுகள் வராமல்போக, அந்த இனம் ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது.

வழக்கமான முதல் சோதனையில் மீன்களை 96 மணி நேரம் ரசாயனம் கலந்த நீரில் விட்டு, எந்த அளவில் பாதி மீன்கள் சாகின்றன என்று பார்ப்பார்கள். இந்த ஏரித் தண்ணீர் அதில் சுலபமாகத் தேறியிருக்கும். அதனால் நீண்டகாலக் கேட்டை அறிய வேறு கேள்விகள் வேண்டும்.

முதலில், அந்தப் பொருள் நீரில் சீக்கிரம் சிதையுமா, மீனின் கொழுப்பில் சேருமா? சிதையாமல் சேர்ந்துகொண்டே போவது கூடுதல் ஆபத்து. சிதைந்தாலும், சாக்கடை தினமும் புதிதாகக் கொண்டுவந்து கொட்டினால் மீனுக்கு விடிவில்லை.

அடுத்து, முட்டையும் குஞ்சும் தாங்குமா? இதற்கு ஓ.இ.சி.டி. அமைப்பின் 210ஆம் எண் வழிமுறை இருக்கிறது. கருவுற்ற முட்டைகளை ஐந்து வெவ்வேறு அளவுக் கரைசல்களிலும் சுத்தமான நீரிலும் வளர்ப்பார்கள். வரிக்குதிரை மீன் என்றால், பொரித்தபின் 30 நாள் வரை. எத்தனை பொரித்தன, எத்தனை பிழைத்தன, எது கோணலாக வளர்ந்தது, நீளமும் எடையும் என்ன என்று கணக்கெடுப்பார்கள். சுத்தமான நீரில் வளர்ந்தவற்றிலிருந்து வேறுபாடு தெரியாத மிக உயர்ந்த அளவைக் குறித்துக்கொள்வார்கள்.

ஹார்மோனைக் குழப்பும் பொருளுக்கு இதுவும் போதாது. ஆண், பெண் விகிதம், மஞ்சள்கருப் புரதம், இடும் முட்டைகள், அடுத்த தலைமுறை வரை பார்க்கும் தனிச் சோதனைகள் உண்டு.

கிடைத்த அளவை அப்படியே பாதுகாப்பு வரம்பாக வைக்க மாட்டார்கள். ஐரோப்பிய நடைமுறையில், குறுகியகாலச் சோதனை மட்டும் கையில் இருந்தால் 1,000ஆல் வகுப்பார்கள். பாசி, நீர்ப்பூச்சி, மீன் மூன்றுக்கும் நீண்டகாலச் சோதனை இருந்தால் 10ஆல் வகுத்தால் போதும். சோதனை குறையக் குறைய வரம்பு இறுகும். ஆற்றில் உள்ள அளவு அந்த வரம்பைத் தாண்டினால் ஆபத்து என்று பொருள்.

260ஆம் ஏரியில் ஹார்மோன் கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் மின்னோ மீன்கள் மீண்டும் பெருகின. ஆய்வாளர்களால் நிறுத்த முடிந்தது. ஊர்ச் சாக்கடைக்கு அப்படி ஓய்வு நாள் ஏது?