குதிரையும் விசையும்

சியால்தாவில் ரயிலேறி வடக்கு நோக்கிச் செல்வோர், பாரக்பூரையும் பல்தாவையும் கடந்தபின் இச்சாப்பூர் என்னும் நிலையத்தை அடைவர். ஒரு காலத்தில் வெடிமருந்து செய்த அவ்வூரில், 1904-ஆம் ஆண்டு துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்று அமைந்தது. கொல்கத்தாவில் வாழும் தமிழர் பலர்க்கும் அது வண்டி நிற்கும் நிலையங்களுள் ஒன்று, அவ்வளவே. நமக்கும் அப்படித்தான் இருந்தது, ஓர் ஆங்கிலக் கையேடு நம் மேசைக்கு வந்து சேரும்வரை.

அதைக் கொணர்ந்தவர் லேக் மார்க்கெட் அருகே குடியிருக்கும் தமிழர். படையினின்று ஓய்வு பெற்றவர். ஒரு வணிக நிறுவனத்தின் பணப்பெட்டிக்குக் காவலாகச் சென்று வருபவர். உரிமம் பெற்ற .32 சுழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் உண்டு. வயது ஏற ஏற விரல் தளர்ந்தது. விசையை இழுப்பது கடினமாயிற்று. பழுதுபார்ப்பவர் ஒருவர் உள்ளிருந்த வில்லைத் தேய்த்து மெலிதாக்கிக் கொடுத்தார். இழுப்பதற்கு இதமாகத்தான் இருந்தது. ஆயின் பயிற்சிக் களத்தில் ஆறு தோட்டாக்களை இட்டுச் சுட்டபோது நான்கே வெடித்தன.

"ஆறுக்கு நாலுதான் சார் வெடிச்சுது. மத்த ரெண்டும் தெருவிலே மாட்டியிருந்தா என் கதி என்ன?" என்றார் அவர். கையேட்டில் அதற்கு விடை இருக்குமென்றும், அதை நாம் தமிழில் சொல்ல வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார்.

மொழிபெயர்ப்பே நம் தொழில். கலைப் பட்டம் பெற்ற நமக்கு இயந்திரங்களின் உட்புறம் புதிது. ஆதலின் முதலில் சொற்களிலேயே இடறினோம். துப்பாக்கியில் சுத்திபோல் விழுந்து தோட்டாவை அடிக்கும் உறுப்பைத் தமிழர் நெடுங்காலமாகக் 'குதிரை' என்பர். வங்காளத்திலோ விரலால் இழுக்கும் உறுப்பையே 'கோடா', அதாவது குதிரை, என்கின்றனர். நம் குதிரை தாவுவது. அவர்கள் குதிரை இழுபடுவது. இக்கட்டுரையில் தாவுவதைக் குதிரை என்றும், இழுபடுவதை விசை என்றும் கூறுவோம்.

சுழல் துப்பாக்கியின் நடுவே தோட்டாக்களைத் தாங்கும் உருளை உள்ளது. பழைய வகையில் சுடுபவர் கட்டைவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுப்பார். அப்போது உருளை ஓர் அறை அளவு சுழலும். உள்ளிருக்கும் பெருவில் வளைந்து ஆற்றலைச் சேர்க்கும். குதிரை ஒரு சிறு பல்லில் சிக்கி நிற்கும். பிறகு விசைக்கு எஞ்சியிருக்கும் வேலை அந்தப் பல்லை விடுவிப்பது மட்டுமே. இது ஒற்றைச் செயல். இரட்டைச் செயலில் கட்டைவிரலுக்கு வேலையில்லை. உருளையைச் சுழற்றுதல், பெருவில்லை வளைத்தல், குதிரையை உயர்த்துதல், கடைசியில் அதை விடுவித்தல் ஆகிய நான்கும் சுட்டுவிரல் ஒன்றின் இழுப்பிலேயே நடைபெற வேண்டும். பொதுவாக ஒற்றைச் செயலுக்கு ஏறத்தாழ 2 கிலோ இழுப்புப் போதும். இரட்டைச் செயலுக்கு 4 முதல் 6 கிலோ வரை தேவைப்படும்.

இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1851-இல் லண்டனில் நடந்த பெருங் கண்காட்சியில் அமெரிக்கரான கோல்ட் தம் ஒற்றைச் செயல் துப்பாக்கியையும், ஆங்கிலேயரான ராபர்ட் ஆடம்ஸ் விசையாலேயே இயங்கும் தம் துப்பாக்கியையும் காட்சிக்கு வைத்தனர். ஒன்று குறியில் நுணுக்கமுடையது. மற்றது நெருக்கடியில் விரைவுடையது. 1856-இல் பியூமான்ட் என்ற பொறியியற் படை அதிகாரி இரண்டு முறையிலும் இயங்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். காலமெல்லாம் நம் காவலர் இடையில் தொங்கிய வெப்ளி, என்பீல்டு துப்பாக்கிகளும், கான்பூரில் செய்யப்படும் .32 துப்பாக்கியும் அந்த வழியில் வந்தவையே.

இழுப்புக் கடினமாயிருப்பதால் நேரும் தீங்கு என்ன? விரல் வலிப்பது சிறிது. குறி விலகுவதே பெரிது. 2014-இல் கான்பூரிலிருந்து வெளிவந்த 'நிர்பீக்' என்னும் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 500 கிராம். இச்சாப்பூர்த் தொழிற்சாலையின் 'நிடர்' அதிலும் பாதியளவே. ஐந்து கிலோ விசையால் அரைக் கிலோப் பொருளை அசையாமல் பிடித்துக்கொள் என்றால், அதன் எடையைப் போல் பத்து மடங்கு ஆற்றல் அதன்மேல் பாய்கிறது என்பது பொருள். சுட்டுவிரல் வளையும்போது மற்ற விரல்களும் உடன் இறுகுகின்றன. குழலின் நுனி தாழ்கிறது. பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 10 சென்டிமீட்டர் தூரமுள்ள துப்பாக்கியில் முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகட்டும். 10 மீட்டருக்கு அப்பால் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். எடை குறைந்த துப்பாக்கி பையில் சுமப்பதற்கு எளிது, சுடுவதற்கு எளிதன்று. கடைகளில் இதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது நம் எண்ணம்.

இந்நகரின் வரலாறே இதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. 1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், இருபது வயது மாணவி பீனா தாஸ், ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சன்மீது சுழல் துப்பாக்கியால் ஐந்து முறை சுட்டார். ஆளுநர் உயிர் தப்பினார். பீனா தாஸுக்கு ஒன்பது ஆண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. நிறைந்த மண்டபம், நடுங்கும் நேரம், பாயும் கைகள். குறி தவறியதற்கு விசை ஒன்றையே காரணமாக்குவது தகாது. எனினும், பழகாத கைக்கு அத்தகைய கருவி எவ்வளவு இணங்கும் என்பதை அறிந்தவர்க்கு அந்த ஐந்து குண்டுகளின் கதை வியப்பளிக்காது. அதற்கு முன், 1914 ஆகஸ்ட் 26-இல் ராடா கம்பெனியின் சரக்கிலிருந்து புரட்சியாளர் கைப்பற்றிய 50 மௌசர் கைத்துப்பாக்கிகள் வேறு இனத்தவை. முதற் குண்டுக்குப் பின் அவற்றின் குதிரை தானே பின்னுக்குச் சென்று நிற்கும். ஒவ்வொரு முறையும் இழுப்பு இலேசாகவே இருக்கும்.

இனி, சுழல் துப்பாக்கியின் இழுப்பைச் செம்மைப்படுத்த இயலுமா என்னும் வினாவுக்கு வருவோம். இயலும், ஆனால் பாரம் வேறு, கரகரப்பு வேறு என்பதை முதலில் உணர வேண்டும். பாரம் வில்லினால் வருவது. கரகரப்பு உலோகம் உலோகத்தோடு உரசுவதாலும், பழைய எண்ணெய் பிசினாய் உறைந்து நிற்பதாலும் வருவது. உள்ளே தூய்மை செய்து, உரசும் பரப்புகளை மெருகேற்றினால் போதும். தராசில் எடை சிறிதே குறைந்திருக்கும், விரலுக்கோ பாதியாகத் தோன்றும். கிணற்றுக் கப்பிக்கு எண்ணெயிட்டால் குடத்தின் எடையா குறைகிறது? ஆனாலும் இறைப்பவர்க்கு வேறுபாடு தெரிகிறதே.

மெருகிலும் ஓர் ஆபத்து உண்டு. பழைய துப்பாக்கிகள் பலவற்றின் உறுப்புகளில் மேற்றோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அரம் கொண்டு அத்தோலைத் தேய்த்துவிட்டால் உள்ளிருக்கும் மென்னிரும்பு விரைவில் தேயும். ஒற்றைச் செயலில் குதிரையைப் பிடித்து நிறுத்தும் பல் அவ்வாறு தேய்ந்ததாயின், துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே குதிரை தாவிவிடக்கூடும்.

வில்லின் கதை இன்னும் கண்டிப்பானது. தோட்டாவின் அடியில் ஒரு சிறு கிண்ணத்தில் வெடிமூட்டி உள்ளது. அது பற்ற ஓர் அளவு அடி வேண்டும். அந்த அடியைத் தருவது பெருவில். நம் நண்பரின் துப்பாக்கியில் நேர்ந்தது இதுவே. வெப்ளி மரபில் பெருவில் தட்டையான இரும்பை மடித்துச் செய்தது. அதைத் தேய்த்தபோது விரலுக்குக் கிடைத்த சுகமெல்லாம் வெடிமூட்டிக்குச் சேர வேண்டிய அடியிலிருந்து எடுக்கப்பட்டது. மென்மையான வெடிமூட்டிகள் நான்கு பற்றின. சற்றுக் கடினமான இரண்டு பற்றவில்லை. விசையை முன்னுக்குத் தள்ளும் ஆற்றலைக் குறைத்தாலும் கேடுதான். விரலை எடுத்தபின் விசை முழுதும் திரும்பாது, அடுத்த குண்டு தாமதிக்கும்.

தொழிற்சாலைகளே இதைச் செய்து பார்த்ததுண்டு. 1938-இல் பிரிட்டிஷ் படைக்காக என்பீல்டு துப்பாக்கியைத் திருத்தியபோது, டாங்கிகளின் உள்ளே சிக்கிக்கொண்ட குதிரை முனையை நீக்கினர். இரட்டைச் செயல் ஒன்றையே வைத்து, பெருவில்லையும் இலேசாக்கினர். அவ்வளவு செய்தும் இழுப்பு 5 கிலோவை ஒட்டியே நின்றது. தோட்டா தவறாமல் வெடிக்க வேண்டும் என்னும் கட்டாயம் அவர்கள் கையைக் கட்டிப்போட்டது.

ஆகவே நண்பரிடம் நாம் கூறியது சுருக்கமானது. வில்லைப் புதிதாக மாற்றுக. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டுமாதலின், உரிமம் உடையவரிடமே கொடுத்து, உரசும் பரப்புகளை மட்டும் மெருகேற்றச் சொல்க. வேலை முடிந்தபின் தாம் அன்றாடம் ஏந்தும் அதே தோட்டாக்களைக் களத்தில் சுட்டுப் பார்த்து, ஒன்றும் தவறவில்லையென்று கண்ட பிறகே இடையில் செருகுக. விரலின் தளர்ச்சிக்கு மருந்து பயிற்சி. பட்டாளத்தில் அது தமக்குச் சொல்லிக்கொடுத்த பாடமே என்று அவர் சிரித்தார்.

இப்போது மாலைதோறும், துப்பாக்கியைத் திறந்து அறைகள் வெறுமையெனக் கண்ணாலும் விரலாலும் இருமுறை பார்த்து, மெய்த் தோட்டாக்களை அடுத்த அறையில் பூட்டி வைத்துவிட்டு, போலித் தோட்டாக்களை இட்டுக்கொண்டு செங்கற்சுவரை நோக்கி நிற்கிறார். குழலின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாதபடி விசையை ஒரே சீராக இழுக்கிறார். முதல் வாரம் நாணயம் தரையில் ஓயாமல் ஒலித்ததாம். சென்ற வாரம் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். இருபது முறை இழுத்தார், மூன்று முறையே விழுந்தது. புது வில்லின் இழுப்பு முன்னைப் போலவே ஐந்து கிலோதான்.