திங்கள், புதன், வெள்ளி

வெப்காமிக் எனப்படும் இணையப் படக்கதையைப் பெரும்பாலும் ஒரே ஆள்தான் செய்கிறார். கதை அவர், படம் அவர், வசனம் அவர், பக்கத்தை ஏற்றுவதும் அவரே. “இன்னும் வரலையா?” என்று விரட்டும் ஆசிரியர் கிடையாது. அப்படியிருந்தும் பென்னி ஆர்கேட், கேர்ள் ஜீனியஸ், எக்ஸ்கேசிடி என்று பேர்பெற்ற தொடர்கள் பலவும் திங்கள், புதன், வெள்ளி என்று கிழமை பார்த்தே வந்தன. யாரும் விதிக்காத கெடுவைத் தாங்களே விதித்துக்கொண்டு, அதில் தாங்களே மாட்டிக்கொண்டு விழிப்பவர்களின் தொழில் இது.

கெடு வைத்ததற்குக் காரணம் காசு. ஆரம்ப காலத்தில் வருமானம் என்றால் விளம்பரம்தான். வாசகர் வந்து பார்த்தால்தான் அதுவும். புதன்கிழமை வந்து பழைய பக்கமே கிடப்பதைப் பார்த்தவர் வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வந்து பார்ப்பார். அடுத்த வாரம் மறந்துவிடுவார்.

செய்தித்தாளில் வரைந்தவர்களுக்கும் கெடு இருந்தது, இதைவிடக் கடுமையாகவே. சார்லஸ் ஷுல்ஸ் 1950 அக்டோபரில் தொடங்கி ஏறக்குறைய 50 ஆண்டுகளில் 17,897 பீனட்ஸ் படக்கதைகளை வரைந்தார். 1997இல் எடுத்த ஐந்து வார விடுப்புதான் பேர் சொல்லும்படியான ஓய்வு. ஆனால் அவருக்குப் பின்னால் படக்கதைகளைப் பத்திரிகைகளுக்கு விற்கும் சிண்டிகேட் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, வாரக்கணக்கில் முன்கூட்டியே படத்தைக் கொடுத்தாக வேண்டிய ஏற்பாடு இருந்தது. கொடுத்த படம் கையைவிட்டுப் போய்விடும். அதற்குமேல் அதை நினைத்து மருகிப் பயனில்லை. இணையத்தில் வரைபவருக்கு இந்த விடுதலை கிடையாது. வெளியிட்ட பிறகும் படம் அவர் கையிலேயே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வண்ணப் பக்கத்துக்கு என்னென்ன வேலை என்று பார்த்தால் இது புரியும். முதலில் குட்டியாக ஒரு வரைபடம்: எந்தக் கட்டத்தில் யார் நிற்பது, பேச்சுக்குமிழிக்கு எவ்வளவு இடம். (இடம் விட மறந்து, கடைசியில் வசனம் கதாநாயகன் தலையை மறைத்த பக்கங்கள் எத்தனையோ.) பிறகு பென்சில் கோடு, அதன்மேல் மை, அடிநிறம், நிழல், பின்னணி, எழுத்து. இதில் அதிகம் நேரம் தின்பது எது என்றால், மைக்கோடு போடும்போது நடக்கும் திருத்தம். டேப்லெட்டில் வரைபவர் ஒரு கண்ணை எட்டு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு இமைக்கோட்டை இழுப்பார். பிடிக்காது. இரண்டு விசையை அழுத்தினால் கோடு காணாமல் போய்விடும். மறுபடி இழுப்பார், மறுபடி அழிப்பார். தாளில் என்றால் அழிக்க அழிக்கத் தாள் பொத்துவிடும் என்ற பயமாவது கையைப் பிடித்து நிறுத்தும். திரையில் நிறுத்த எதுவுமில்லை. இத்தனைக்கும் வாசகர் பார்க்கும்போது அந்தக் கண் கட்டைவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது.

பழைய பக்கங்கள் அழியாமல் இருப்பது இன்னொரு தொல்லை. புதிதாக வருகிற வாசகர் முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார். முதல் பக்கமோ ஓவியர் வரைந்ததிலேயே மோசமானது. வெட்கம் தாங்காமல் அதைத் திரும்ப வரைய உட்காருகிறவர்கள் உண்டு. பத்துப் பக்கம் வரைந்து முடிப்பதற்குள் கை இன்னும் தேறிவிடும், புதிதாக வரைந்த முதல் பக்கமும் கண்ணை உறுத்தும். கதை நின்ற இடத்திலேயே நிற்கும். 2003இல் தொடங்கிய கொஸ்டினபிள் கான்டென்ட் தொடரில் ஜெஃப் ஜாக்ஸ் பழைய விறைப்பான முகங்களை அப்படியே விட்டுவைத்தார். தொடர்ந்து படித்துக்கொண்டே வந்தால் ஒரு கை எப்படித் தேறியது என்பதைப் பார்க்கலாம். எனக்கு அது கதையைவிடச் சுவாரசியம்.

தன்னைத்தானே குறைசொல்லும் ஓவியருக்கு உதாரணம் என்று மெகாடோக்கியோ தொடரின் ஃப்ரெட் கல்லாகரைச் சொல்வேன். கட்டடக்கலைஞரான அவர் 2000 ஆகஸ்டில் ராட்னி காஸ்டனோடு சேர்ந்து இதைத் தொடங்கினார். ஜப்பானிய மாங்கா பாணி ஓவியம், கட்டத்துக்குக் கட்டம் நகைச்சுவை. 2002இல் காஸ்டன் விலகியபின் தொடர் நீண்ட காதல் கதையாக மாறியது. அடுத்த ஆண்டு அலுவலக வேலை போய், இதுவே முழுநேரத் தொழிலானது. படங்களுக்கு மை பூசாமல் பென்சில் கோடாகவே விட்டார். பென்சில் ஓவியத்தில் எதையும் மூடி மறைக்க முடியாது, தயங்கி இழுத்த கோடு தயங்கியபடியே தெரியும். பக்கம் தயாராகாத நாளில் ‘பிரோ செத்த நாள்’ என்ற பெயரில் ஏதாவது ஒரு கிறுக்கலைப் போடுவார். பிரோ என்பது அவரது புனைபெயர். கதைக்குள்ளும் பிரோ உண்டு. தன் ஓவியத்தைத் தானே மட்டம்தட்டும் பையன். அவனுக்கு மனசாட்சியாக இருக்க ஒரு தேவதையை வேறு வேலைக்கு வைத்திருக்கிறார்கள்! டார்க் ஹார்ஸ், பிறகு டிசி என்று பெரிய பதிப்பகங்கள் புத்தகமாகப் போட்ட ஓவியம் அது. வாரம் மூன்று என்று தொடங்கிய தொடர் போகப்போக மெலிந்து நீண்ட இடைவெளிகளில் வந்தது. ஓவியத்தின் தரம் ஏறியதும் வேகம் இறங்கியதும் ஒரே காலத்தில் நடந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இதற்கு நேரெதிராக, கனடாவின் ரயன் நார்த் 2003இல் டைனோசர் காமிக்ஸைத் தொடங்கினார். ஆறு கட்டம், மூன்று டைனோசர். அன்றைக்கு வைத்த அதே படங்கள்தான் ஒவ்வொரு தடவையும். வசனம் மட்டும் மாறும். ஓவியத்தைக் குறைசொல்லும் குரலுக்கு வேலையே வைக்கவில்லை. நாசாவில் வேலை பார்த்த ராண்டல் மன்றோ எக்ஸ்கேசிடியைக் குச்சி மனிதர்களை வைத்தே நடத்துகிறார். எளிமை என்றால் உழைப்புக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்: 2013இல் அவர் போட்ட ‘டைம்’ மாதக்கணக்கில் தானாக மாறிக்கொண்டே வந்த 3,099 படங்களால் ஆனது; அடுத்த ஆண்டு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கியது. குச்சி மனிதர் இருந்தால் தாமதமே வராது என்பதும் இல்லை. ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக் வரையும் ரிச் பர்லூவுக்கு வாசகர்கள் 2012இல் 12 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள்; அதே ஆண்டு கையில் அடிபட்டு வரைய முடியாமல் போனார்.

அடிபடுவதற்கும் காய்ச்சலுக்கும் இந்தத் தொழிலில் ஒரே காப்பு கையிருப்பு. அடுத்த பல வாரப் பக்கங்களை முன்பே வரைந்து வைத்துக்கொண்டு, வரிசையாக வெளியிடுவது. மாதக் கடைசிக்கென்று ஒதுக்கிய பணம் போல, இதுவும் தொட ஆரம்பித்தால் தங்காது. தங்க வைத்தவர் ஹோவர்ட் டெய்லர். நோவெல் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே 2000 ஜூன் 12 அன்று ஷ்லாக் மெர்சனரியைத் தொடங்கினார். அப்போது அவருக்குச் சரியாக வரையக்கூடத் தெரியாது. 2020 ஜூலை 24 அன்று கதை முடியும்வரை ஒருநாள்கூட விடாமல் போட்டார். தினமும் வரைந்ததால் கை தேறியது என்றுதான் சொல்ல வேண்டும். தேறட்டும் என்று காத்திருந்தால் தொடரே இருந்திருக்காது.

குறைசொல்லும் குரலை விதி போட்டு அடைத்தவர்களும் உண்டு. படக்கதை ஓவியர் ஸ்காட் மெக்லவுடும் அவர் நண்பர் ஸ்டீவ் பிஸ்ஸெட்டும் மெதுவாக வரைவதற்குப் பேர்போனவர்கள். 1990இல் மெக்லவுட் ஒரு பந்தயம் வைத்தார்: 24 மணி நேரத்தில் 24 பக்கக் கதை, முன்தயாரிப்பு எதுவும் கூடாது. மணிக்கு ஒரு பக்கம் என்றால் கண்ணை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்க்க நேரமேது? 2005இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெப்காமிக் ஓவியர்கள் ஆளுக்கு 20 டாலர் போட்டு ஒரு போட்டி தொடங்கினார்கள். வேலைநாளில் ஒருநாள் தவறினாலும் வெளியே. கடைசியாக நிற்பவருக்குப் பணம். படம் நன்றாக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. போட்டி பல ஆண்டுகள் நீண்டது.

கொரியாவின் இணையப் படக்கதையான வெப்டூன் இந்தச் சுமையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோய்விட்டது. வாரம் ஒரு அத்தியாயம், முழு வண்ணம், செங்குத்தாக நீளும் பல பத்துக் கட்டங்கள். கெடுவை இங்கே வைப்பது ஓவியரல்ல, நிறுவனம். ‘சோலோ லெவலிங்’ ஓவியர் ஜாங் சங்-ராக் 2022 ஜூலையில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு 37 வயதில் இறந்தார். அவருக்கு ஏற்கெனவே நாள்பட்ட நோய் இருந்தது. என்றாலும் ஓவியர்களின் வேலைப்பளு பற்றிய வாதம் கொரியாவில் வெடித்தது.

2013இல் வந்த பேட்ரியான் மாதிரியான சந்தா முறைகளால் தனி ஓவியர்கள் இன்று ஓரளவு மூச்சுவிடுகிறார்கள். பார்வையாளர் கணக்கை நம்பியிருக்காதபோது கிழமையையும் அவ்வளவு நம்பியிருக்கத் தேவையில்லை. ஆகவே பலர் அத்தியாயம் முடிந்ததும் விடுப்பு அறிவித்து, திரும்பிவரும் தேதியையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். கையிருப்பைச் சேர்த்துக்கொள்வதும் அந்த இடைவெளியில்தான்.