சிவப்பா, பச்சையா என்பதல்ல கேள்வி
பவர் ஸ்டீயரிங் ஆயில் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பொதட்டூர்பேட்டையில் வாடகை வண்டி ஓட்டுகிறவருக்கு இரண்டு மலை உண்டு. பக்கத்தில் திருத்தணி; நகரி, புத்தூர், ரேணிகுண்டா தாண்டினால் திருமலை. திருத்தணி மலைப்பாதை கொஞ்ச தூரம்தான். திருமலையில் ஏற ஒரு சாலை, இறங்க ஒரு சாலை, இரண்டிலும் கொண்டை ஊசி வளைவுகள். ஏழு பேரையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பானெட்டுக்குள் இருந்து ‘ஊய்ங்’ என்று ஒரு சத்தம் கிளம்பும். ஊர் திரும்பியதும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்பது இதுதான்: “ஒரு பவர் ஸ்டீயரிங் ஆயில் குடுங்கண்ணே.” கைக்கு வருவது சிவப்பு எண்ணெய். பல வண்டிகளுக்கு அது பொருந்தும். பொருந்தாத வண்டியில் ஊற்றினாலும் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சில மாதம் கழித்து, சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக்கிலிருந்து எண்ணெய் சொட்டும்போது, அந்த பாட்டிலைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது.

முதலில் உங்கள் வண்டிக்கு இந்த எண்ணெய் வேண்டுமா என்று பாருங்கள். மாருதியின் ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் போன்றவற்றில் இருப்பது மின்சார பவர் ஸ்டீயரிங். மோட்டார் ஒன்று ஸ்டீயரிங் தண்டைத் திருப்ப உதவும். எண்ணெயும் இல்லை, டேங்கும் இல்லை. 1988-இல் ஜப்பானில் சுசுகியின் செர்வோ என்ற சின்னக் காரில் வந்த இந்த ஏற்பாடு இன்று புதிய கார்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் நம் பக்கத்துச் சாலைகளில் ஓடுவதெல்லாம் புதிய கார்கள் இல்லையே. பொலேரோ, சுமோ, பழைய ஸ்கார்ப்பியோ, 2005-இல் அறிமுகமான இன்னோவா, நூல் மூட்டை ஏற்றும் பிக்-அப் வண்டிகள் என்று உழைக்கிற வண்டிகள் பலவும் எண்ணெய் அழுத்தத்தில் திரும்புகிறவை. இரண்டுக்கும் நடுவில், மின்மோட்டாரே எண்ணெய் பம்பை ஓட்டும் மூன்றாவது வகையும் உண்டு. பானெட்டைத் திறந்து, ஸ்டீயரிங் சக்கரப் படம் போட்ட மூடி இருக்கிறதா என்று தேடினால் தெரிந்துவிடும்.

எண்ணெய் அங்கே என்ன செய்கிறது? இன்ஜின் பெல்ட் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் ஒரு வால்வு திறந்து, அழுத்தம் ஏறிய எண்ணெயை ராக்கின் ஒரு பக்கத்துக்கு அனுப்பித் தள்ளுகிறது. பியர்ஸ் ஆரோ நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1926-இலேயே இதை ஓட்டிக் காட்டினார். கார் வாங்குகிறவருக்குக் கிடைத்தது 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியலில். கால் நூற்றாண்டு தாமதம்!

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து அப்படியே பிடித்திருந்தால் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். டயரில் நாம் அடிக்கும் காற்று வெறும் 30, 35. ஒரு வரம்புக்கு மேல் அழுத்தம் ஏறாமல் பம்பில் உள்ள வால்வு எண்ணெயைத் திருப்பிவிடும். எண்ணெய் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொதிக்கும். கோடையில் தமிழ்நாட்டின் அதிக வெயில் பதிவான ஊர்ப் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பிடிக்கிறது. அந்த வெயிலில் ஏற்கெனவே சூடேறி நிற்கும் இன்ஜினுக்குப் பக்கத்தில்தான் இந்த எண்ணெயும் இருக்கிறது. ஆகவே சூட்டில் நீர்த்துப்போகாமல், நுரைக்காமல், பம்புக்கு வழுவழுப்பைத் தந்து, ரப்பர் ஆயில் சீல்களைக் கெடுக்காமல் இருப்பதுதான் அதன் வேலை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும்போது முக்கியம்.

கடையில் கிடைக்கும் சிவப்பு எண்ணெய் ஸ்டீயரிங்குக்காகப் பிறந்ததே இல்லை. அது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய், சுருக்கமாக ஏ.டி.எஃப். ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த டெக்ஸ்ரான் என்ற தரத்தில் வருவது. என்ஜின் ஆயிலோடு குழம்பாமல் அடையாளம் தெரியச் சிவப்புச் சாயம் கலந்தார்கள். ஸ்டீயரிங் பம்புக்கும் அது ஒத்துப்போனதால் பல கம்பெனிகள் அதையே சிபாரிசு செய்துவிட்டன. பழைய இன்னோவாவுக்கு டொயோட்டா சொல்வதும் டெக்ஸ்ரான் 2 அல்லது 3 தான். இதில் ஒரு சங்கதி: டெக்ஸ்ரான் 3-க்கு உரிமம் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஆம் ஆண்டோடு நிறுத்திவிட்டது. இன்றைய பாட்டிலில் ‘டெக்ஸ்ரான் 3’ என்று இருந்தால், அந்தத் தரத்துக்கு ஈடானது என்று எண்ணெய் தயாரிப்பவரே தரும் வாக்கு அது. யாரும் சோதித்துக் குத்திய முத்திரை இல்லை. அதனால் பெயர் தெரிந்த கம்பெனியின் பாட்டிலாகப் பார்த்து வாங்குவது நல்லது. லூசில் அளந்து தரும் எண்ணெயை இந்த ஒரு வேலைக்கு நான் வாங்க மாட்டேன்.

ஹோண்டா தன் கார்களுக்குத் தனி எண்ணெய் வைத்திருக்கிறது. அவசரத்துக்கு வேறு ஊற்றினால் சீக்கிரம் மாற்றிவிடச் சொல்கிறது. ஹூண்டாயில் பி.எஸ்.எஃப்-3, பி.எஸ்.எஃப்-4 என்று இரண்டு. பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம், ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது. பல ஜெர்மன் கார்களுக்குப் பென்டோசின் போன்ற பச்சை எண்ணெய். அது செயற்கை எண்ணெய், ஏ.டி.எஃப்-ஐ விட மெல்லியது. உறைபனியிலும் கெட்டியாகாது என்பது அதன் பெருமை. நமக்குப் பனியே இல்லையே, சிவப்பையே ஊற்றலாமே என்று தோன்றும். பம்பின் இடைவெளிகளும் சீல்களும் அந்த எண்ணெயை நம்பி அமைக்கப்பட்டவை என்பதால் அந்தக் கணக்கு உதவாது. நிறத்தை மட்டும் பார்த்து வாங்கவும் முடியாது. எந்தச் சாயம் என்பது எண்ணெய் தயாரிப்பவர் விருப்பம். ஒரே பச்சையில் இரண்டு வேறு தரங்கள் உண்டு. பதில் டேங்க் மூடியிலோ வண்டியோடு தந்த கையேட்டிலோ அச்சாகி இருக்கும். மூடி தேய்ந்துபோய், கையேடும் கைமாறும்போது தொலைந்துபோன பழைய வண்டி என்றால், மாடலையும் வருடத்தையும் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

பிரேக் ஆயிலை ஸ்டீயரிங் டேங்கில் ஊற்றுவது இதையெல்லாம் விடப் பெரிய கேடு. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் கிளைக்கால் வகை. ஸ்டீயரிங் எண்ணெயோ பெட்ரோலியத்தில் இருந்தோ செயற்கையாகவோ வருவது. ஸ்டீயரிங்கில் உள்ள நைட்ரைல் ரப்பர் சீல்களைப் பிரேக் ஆயில் கெடுத்துவிடும். மாற்றி, சிவப்பு எண்ணெய் பிரேக் டேங்குக்குள் போனால் அங்குள்ள ரப்பர் ஊதிப்போகும், பிரேக்கே பிடிக்காமல் போகலாம். அப்படிக் கலந்துவிட்டால் இன்ஜினைக்கூட ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரவழைப்பதுதான் வழி.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிக்கு முந்தைய ஓனர் எதை ஊற்றினார் என்று தெரியாது. உள்ளே இருப்பது கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் டாப்-அப் செய்வதில் பயனில்லை. முழுக்க மாற்ற வேண்டும். முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிப் பழையதை வடித்து, புதியதை ஊற்றி, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாகப் பல தடவை திருப்பிக் காற்றை வெளியேற்றுவார்கள். காருக்குப் பெரும்பாலும் ஒரு லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும். சிரிஞ்சால் டேங்கில் இருப்பதை மட்டும் உறிஞ்சி நிரப்பி, சில நாள் ஓட்டி, மறுபடியும் அதையே செய்வது மலிவான வழி. எண்ணெயின் வகை சரியாக இருந்து, பழசாகி மட்டும் இருந்தால் அது போதும். தப்பான வகை உள்ளே போயிருந்தால் போதாது.

மாதம் ஒருமுறை டாப்-அப் கேட்கும் வண்டி எண்ணெயைக் குடிப்பதில்லை, எங்கோ ஒழுகவிடுகிறது. இந்த எண்ணெய் எரிந்து தீரும் வகையல்ல. ராக் பூட், ஹோஸ் கிளாம்ப், பம்பின் சீல் மூன்றையும் துணியால் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். டேங்கில் நுரை தெரிந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வரும் ஊளை பம்புடையது. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கேட்டால் அது பெல்ட்டாக இருக்கலாம், எண்ணெய் மேல் பழி போட வேண்டாம்.

மலைப்பாதையில் எண்ணெய் மொத்தமும் கொட்டிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாது, கல்லாகக் கனக்கும். இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பி ஓரம் கட்டலாம். எண்ணெய் இல்லாமல் தொடர்ந்து ஓட்டினால் பம்ப் ஜாம் ஆகும். பம்பைக் காப்பாற்ற பெல்ட்டை அறுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஓட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பல வண்டிகளில் ஓட்டுகிறது.