வீடு தேடி வரும் சுகாதாரக் கேள்விகள்: பதில் சொன்னால் என்ன பயன்?

"உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கே போவீர்கள்? அரசு ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு என்ன காரணம்?" உங்கள் வாசலில் ஒருவர் இப்படிக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லுங்கள். அரசின் மருத்துவத் திட்டங்களுக்கு இந்தப் பதில்களும் ஓர் அடிப்படை.

யார் கேட்கிறார்கள்?

இப்படிக் கேட்கும் ஆய்வுகளில் முக்கியமானது தேசியக் குடும்பநல ஆய்வு. 1992-93இல் தொடங்கியது. 2015-16 சுற்றிலிருந்து மாவட்டவாரியாகவும் முடிவுகள் வருகின்றன. நம் தருமபுரி மாவட்டத்துக்கும் தனிக்கணக்கு உண்டு.

எல்லா வீட்டிலும் கேட்பதில்லையே?

தேவையில்லை. குலுக்கல் முறையில் சில ஊர்களையும், ஊருக்குச் சில வீடுகளையும் எடுப்பார்கள் (மாதிரிக் கணக்கெடுப்பு). 2019-21 சுற்றில் ஓர் ஊருக்கு 22 வீடுகள். எனவே "பக்கத்து வீட்டில் கேளுங்கள்" என்று அனுப்பிவிடாதீர்கள். பகலெல்லாம் கூலி வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் விடுபட்டால், அவர்களுடைய கஷ்டமும் கணக்கில் வராது.

இதனால் ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வில் கேள்வி கேட்டதோடு, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்தார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோக வேண்டிய தேவை இதில் தெளிவானது. 2021 ஆகஸ்ட் 5இல், பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில், வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது.

குறை சொன்னால் நர்ஸம்மா கோபித்துக்கொள்வாரா?

உங்கள் பெயர் அறிக்கையில் வராது. மரியாதைக்காக "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றால், அங்கே குறையே இல்லை என்றுதான் பதிவாகும். "டாக்டர் இருப்பதில்லை", "ரொம்ப நேரம் காக்க வைக்கிறார்கள்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஏமாற்றுக்காரராக இருந்தால்?

அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். ஓடிபி, வங்கிக் கணக்கு எண் கேட்டால் கொடுக்காதீர்கள். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம்.

எங்கள் ஊர்ப் பிரச்சினை இதில் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. மாவட்டச் சராசரியில் சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களின் சிரமம் மறைந்துவிடும். அதற்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். துணை சுகாதார நிலையம், ஆம்புலன்ஸ், மருந்து என எது குறைவோ அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மாவட்ட சுகாதாரப் பேரவைக்கும் கோரிக்கையைக் கொண்டுபோகலாம்.

கேட்க வருபவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். யாரும் வராவிட்டால், கிராம சபைக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள்.