நாட்டுத் துப்பாக்கியை நம்பலாமா?

விழுப்புரத்திலிருந்து காணை வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் கெடாரைக் கடந்து செல்கிறவர்கள், இரு மருங்கிலும் கரும்பும் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளைந்து நிற்பதைக் கண்டு கண் குளிர்வார்களேயன்றி, அந்த மல்லாட்டைக் கொல்லையை இராக்காலங்களில் கண் விழித்துக் காக்கிற குடியானவனின் கவலையை அறியமாட்டார்கள். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கொடியும் காயுமாகக் கிளறிப் போட்டுவிடும் என்ற பயத்தினால், குன்றோரத்துக் கிராமங்களில் வசதி குறைந்த விவசாயிகள் உரிமம் பெற்று வைத்துக்கொண்ட ஆயுதம், வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிதான். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்கென்று இவ்வகைத் துப்பாக்கியைப் பிரத்தியேகமாகக் குறிப்பிடுகிறது; அது போதாதென்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் வேறுவிதத் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்றும் கூடவே சொல்லி வைத்திருக்கிறது. அதன் குறைபாடு, ஆக, சட்டம் இயற்றியவர்களுக்கும் தெரிந்ததே.

குறைகளில் முதலாவது ஈரம். வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த கருமருந்து காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. 1757இல் பிளாசிப் போர்க்களத்தில் பெய்த மழை, வங்காள நவாபின் மூடிவைக்கப்படாத மருந்தை நனைத்துப் பீரங்கிகளை ஊமையாக்கியது சரித்திரப் பிரசித்தம். ஐப்பசி மழையில் வரப்பில் நிற்கிற குடியானவனுக்கும் அதே சங்கடம் நேர்கிறது. துப்பாக்கியின் குதிரை விழுகிறது, மருந்தைப் பற்றவைக்க வேண்டிய கேப்பு சீறுகிறது, அவ்வளவோடு நின்றுவிடுகிறது. அதுவும் பரவாயில்லை, நமத்துப்போன மருந்து சில சமயம் உடனே பற்றாமல் உள்ளுக்குள்ளேயே புகைந்து, 'என்ன ஆயிற்று?' என்று அவன் குழலைச் சாய்த்துப் பார்க்கிற தருணத்தில் வெடித்துவிடும்போதுதான் முகமும் விரல்களும் பறிபோகின்றன. கருமருந்தின் கசடு இரும்பை அரிக்க வல்லது. சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசி வைக்காத குழல் சில பருவங்களுக்குள் உட்புறம் குழிந்துபோகும். அத்தகைய குழல் என்றைக்கு வெடித்துப் பிளக்கும் என்பதை வெளியே பார்த்து எவராலும் சொல்ல இயலாது.

எனினும், வேண்டும்போது வெடிக்காமற் போவதைக் காட்டிலும் வேண்டாதபோது வெடிப்பதே இதன் பெரிய தோஷம் என்பது என் அபிப்பிராயம். தோட்டாத் துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை உருவி எடுத்துவிட்டால் அது வெறும் இரும்பு. நாட்டுத் துப்பாக்கியிலோ மருந்தும் தக்கையும் குண்டும் கஜக்கோலால் இடித்து இறுக்கப்பட்டிருப்பதனால், சுட்டுத் தீர்ப்பதைத் தவிர அதைக் காலி செய்யச் சுலபமான வழி கிடையாது. மருந்தை வீணாக்க மனம் வராத ஏழை, பன்றி வராத இரவுகளில் அதை அப்படியே வீட்டுக்கு எடுத்துவந்து மூலையில் சார்த்திவிடுகிறான். கேப்பை எடுத்துவிட்டோமே என்று அவன் சமாதானம் சொல்லிக்கொள்வான். எடுத்தோமா என்பது விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் யாருக்கு நினைவிருக்கும்? குழந்தை கை வைத்தது, துடைக்கும்போது வெடித்தது என்று தினசரிகளின் உள்பக்கத்தில் அவ்வப்போது வருகிற துயரச் செய்திகளில், நிரப்பியபடியே வைக்கப்பட்ட துப்பாக்கியைத்தான் காண்கிறோம். துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைக்க வேண்டுமென்று 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகள் வற்புறுத்துவது நியாயமே. ஓலைக்குடிசையில் எதற்குள் பூட்டுவது என்பது தனிக் கேள்வி.

தேர்தல் காலங்களில் துப்பாக்கியை ஒப்படைக்கும்படி உத்தரவு வரும். 2024இல் மார்ச் 16ஆம் தேதி அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்தலின் முடிவு ஜூன் 4இல் வெளியாகி, இந்தப் பக்கத்து விக்கிரவாண்டித் தொகுதிக்கு அடுத்த வாரமே இடைத்தேர்தலும் அறிவிக்கப்பட்டது. அத்தனை நாள் எண்ணெய் காணாமல் கிடந்து திரும்பும் குழலைச் சோதியாமல் கெட்டிப்பவன் தைரியசாலியாக இருக்கலாம், புத்திசாலியல்லன்.

சர்க்கார் தொழிற்சாலைச் சரக்கு நம்பகமானதென்று அதை வாங்கச் சொல்வது எளிது. கான்பூர் தொழிற்சாலை 2014இல் பெண்களுக்கென்று வெளியிட்ட அரைக் கிலோ எடையுள்ள 'நிர்பீக்' கைத்துப்பாக்கியின் விலை சுமார் 1,22,000 ரூபாய் என்றபோது, அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று பலர் கேட்டதுண்டு. கொல்லைக்காரனுக்கு அது உதவவும் உதவாது. உரிமமில்லாத கள்ளத் துப்பாக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதைச் செய்பவனுக்கு 2019இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி குறைந்தது 7 வருஷம் சிறை.

இவ்வளவுக்கும் மேலாக, 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தினால் காட்டுப்பன்றியைச் சுடும் உரிமை குடியானவனுக்கு இல்லை. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்ததும் வனத்துறையினரைக் குறித்தே. ஆகவே இன்றைக்கு அவன் துப்பாக்கியால் சட்டப்படி செய்யக்கூடியது சத்தம் போடுவது ஒன்றுதான். சத்தந்தான் வேண்டுமென்றால் சிவகாசிப் பட்டாசு மலிவு, வருஷக் கணக்கில் உரிமம் புதுப்பிக்கிற தொல்லையும் இல்லை.