வழங்கிப் பராமரிப்பு: கெடுத்துக் கற்கும் கைத்தொழில்

தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்யும் முறையை ஏட்டில் படித்து மட்டும் கற்றுவிட முடியாது. கத்தியைக் கையிற் பிடித்து, மூத்தோர் அருகில் நின்று, வெட்டிப் பார்த்தே பழக வேண்டும். ஆனால் அதில் ஓர் இடர் உண்டு: தவறாக வெட்டிய கிளையை மீண்டும் ஒட்ட வைக்க இயலாது. கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு போ தோட்டம் தோன்றியது முதல் தேயிலையோடு வாழ்ந்துவரும் நம்மவர்க்கு இது நன்கு தெரியும்.

அந்த இடரின்றிக் கற்கத்தக்க கைத்தொழில் ஒன்று இன்று உண்டு. அதுவே வழங்கிப் பராமரிப்பு. சர்வர் என்று மக்கள் கூறும் வழங்கியானது, பிற கணினிகள் கேட்கும் ஏடுகளையும் பக்கங்களையும் எடுத்தனுப்பும் கணினியாகும். பள்ளி, வங்கி, மருத்துவமனை அனைத்தும் இன்று இதனை நம்பியே இயங்குகின்றன.

இத்தொழிலைக் கற்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்சும், மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் வழி திறந்தன. மலேசிய அரசும் 2004-இல் பொதுத்துறைக்கெனத் திறமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது.

பழைய கணினியே பட்டறை

அலுவலகம் கழித்துவிட்ட கணினி ஒன்றில் டெபியன் போன்றதொரு லினக்சை, படத்திரை வசதியின்றி நிறுவுக. பின்னர் அதன் விசைப்பலகையைத் தொடாமல், வேறொரு கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக ஆணையிட்டுப் பழகுக. கடவுச்சொற்கள் வலையமைப்பில் திருடப்பட்டதைக் கண்ட பின்லாந்து நாட்டு தாத்து இலோனன் என்பவர் 1995-இல் ஆக்கிய பாதுகாப்பான வழி இது.

அடுத்தது உரிமைப் பங்கீடு. தோட்டத்துக் கணக்கேட்டைக் கிராணி எழுதலாம், மேலதிகாரி பார்வையிடலாம், பிறர் தொடலாகாது. லினக்சிலும் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையினர்க்குப் படிக்கும், எழுதும், இயக்கும் உரிமைகள் தனித்தனியே வரையறுக்கப்படுகின்றன. மூன்று பெயர்களில் கணக்குத் தொடங்கி இதனைச் சோதித்தறிக.

மூன்றாவதாக, பயனுள்ள பணியொன்றை அக்கணினிக்குத் தருக. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸ் என்னும் மென்பொருளால் அதில் சேமித்து வைக்கலாம். இணையம் எட்டாத மலைச்சரிவிலும் பள்ளிப் பிள்ளைகள் உள்வலை மூலம் அதனைப் படிப்பர். பயன்படுத்துவோர் இருந்தால்தான் பொறுப்புணர்ச்சி பிறக்கும்.

கெடுத்துப் பார்த்தல்

இனித்தான் உண்மைப் பயிற்சி. வெர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருள் ஒரு கணினிக்குள் பல கணினிகளைப் பாவனையாக இயக்கும். நல்ல நிலையைப் பதிந்துகொண்டு, வேண்டும்போது அந்நிலைக்கே திரும்பவும் உதவும். வெட்டிய கிளையை ஒட்டவைக்கும் வித்தை இதுவே! அமைப்புக் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றிச் சேவையை நிறுத்துக. உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல், பதிவேட்டைப் படித்துக் காரணத்தைத் தேடுக. கண்டதையும் செய்ததையும் குறிப்பேட்டில் எழுதுக.

இறுதியாக, காப்புப்படி. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர், துணை வழங்கியில் செய்வதாக எண்ணி, தலைமை வழங்கியின் தரவுகளை அழித்துவிட்டார். காப்பு முறைகள் பல இருந்தும் அவை உரிய நேரத்தில் கைகொடுக்கவில்லை. தற்செயலாக முன்னர் எடுத்திருந்த ஒரு படியால் பெரும்பகுதி மீண்டது; ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு அழிந்தே போயிற்று. அந்நிறுவனம் இதனை ஒளிக்காது உலகுக்கு எடுத்துரைத்தது. மீட்டுப் பார்க்காத காப்புப்படி காப்பாகாது என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

ஆகவே இருவர் கூடிப் பயில்வது நன்று. ஒருவர் கெடுக்க, மற்றவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மீட்கட்டும். மறுவாரம் இடம் மாறட்டும். பிறர் ஏடுகளைக் காக்கும் பொறுப்பு ஒருநாள் கைக்கு வருமுன், தம் பட்டறையில் நூறு முறை தவறியிருப்பது நலம்.